மை தொட்ட விரல்

வாக்குச் சாவடிக்குள் நுழைகிறோம். பட்டியலில் பெயரைப் பார்க்கிறார்கள். இடது கைச் சுட்டுவிரலை நீட்டச் சொல்லுகிறார்கள். நகத்தோரத்தில் ஒரு கோடு, கருநீல மை. ஆலை முதலாளி நீட்டும் விரலுக்கும் அதே மை. அந்த ஆலையிலே தறி ஓட்டுகிறவர் நீட்டும் விரலுக்கும் அதே மை. மோதிரம் மின்னும் விரல் என்பதற்காக இரண்டு கோடு இழுப்பதில்லை; சேறு படிந்த விரல் என்பதற்காகக் கோட்டைப் பாதியாகக் குறைப்பதுமில்லை. ஒரு விரல், ஒரு கோடு, ஒரு வாக்கு!

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தல் தொடங்கி, இந்த மை நம் விரலைத் தொட்டு வருகிறது. அதைத் துடைத்துவிட நாம் முயல்வதில்லை. சிலர் பெருமையோடு தூக்கிக் காட்டவும் செய்கிறார்கள். காட்டட்டும், காட்டத்தக்கதுதான்.

ஆனால், அதற்கு முன்பும் இந்த விரலை ஒரு மை தொட்டதுண்டு. அந்த மை உரிமை தர வந்ததன்று. தொட்ட இடத்தில் மானத்தைத் தின்றது. மறுத்த இடத்தில் உயிரைக் குடித்தது. அந்த மையின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். பழங்கதை பேசிப் பொழுது போக்குவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அறிவியல் தந்த ஒரு நல்ல கருவி, அறம் அறியாத ஆட்சியின் கையில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒப்பந்தத்தில் பிறந்தது

1858ஆம் ஆண்டு. முந்தைய ஆண்டு மூண்ட பெருங்கிளர்ச்சியின் புகை அடங்காத காலம். வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னும் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடுவதற்கான பொருள் வாங்க, ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். கையெழுத்து மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றிற்று. ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையிலே மையைத் தடவித் தாளின் பின்புறத்தில் பதியச் செய்தார். “இது என் கையெழுத்தன்று” என்று பின்னர் மறுத்துவிடாதிருக்க ஒரு முன்னேற்பாடு, அவ்வளவே.

ஆனால் ஹெர்ஷல் அதோடு நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பலருடைய விரல் ரேகைகளைத் தொகுத்தார். அவை மாறுவதில்லை என்று கண்டார். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரப் பதிவிலும், சிறையிலும் இந்த முறையைப் புகுத்தினார். இறந்தவர் பெயரைச் சொல்லி வேறொருவர் ஊதியம் வாங்குவதைத் தடுக்க அது உதவிற்று. 1880இல் ஜப்பானில் மருத்துவப் பணி செய்துகொண்டிருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றம் நடந்த இடத்தில் பதிந்த ரேகையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்று அறிவியல் இதழொன்றில் எழுதினார்.

இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. கருவி பிறந்தது, வளர்ந்தது. அது நல்லது செய்யும் என்பதற்கும் விரைவிலேயே சான்று கிடைத்தது. 1892இல் அர்ஜென்டினா நாட்டில் குழந்தைகள் இருவர் கொல்லப்பட்டனர். தாயின் சொல்லை நம்பி, ஓர் ஆடவனைப் பிடித்து வதைத்தார்கள். கதவிலே பதிந்திருந்த குருதி படிந்த ரேகை, கொன்றவள் அந்தத் தாயே என்று காட்டிற்று. ஹுவான் வூசெட்டிச் என்பவர் வகுத்திருந்த ரேகை முறையால், குற்றமற்ற ஒருவன் உயிர் தப்பினான். வதையால் வெளிவராத உண்மை, மையால் வெளிவந்தது!

ரேகையில் பிறப்பைத் தேடியவர்

அதே 1892இல் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் விரல் ரேகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்தக் கால்ட்டன் யார்? மனிதருள் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு உண்டென்றும், உயர்ந்த பிறப்பைப் பெருக்க வேண்டுமென்றும் சொன்னவர். அதற்கென ‘யூஜெனிக்ஸ்’ என்று ஒரு பெயரையே 1883இல் படைத்தவர். நம் நாட்டிலே சாத்திரம் செய்த வேலையை, அங்கே ஆராய்ச்சியின் பெயரால் செய்ய முனைந்தவர்.

அவர் ஆசையோடு தேடினார். ஆங்கிலேயர் ரேகை, வேல்ஸ் நாட்டார் ரேகை, யூதர் ரேகை, நீக்ரோவர் ரேகை எனத் தொகுத்தார். கலை பயிலும் மாணவரின் விரலையும் பண்ணைத் தொழிலாளியின் விரலையும் ஒப்பிட்டார். இனத்தின் முத்திரை இருக்குமா, அறிவின் அடையாளம் தெரியுமா, பண்பின் குறி கிடைக்குமா என்று பார்த்தார். கிடைத்ததா? இல்லை! தேடியது கிடைக்கவில்லை என்பதை அவரே தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

தோழர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்று நம்பியவர், அதை மெய்ப்பிக்கவென்றே ரேகையைப் பார்த்தார். ரேகை என்ன சொல்லிற்று? “ஒவ்வொருவனும் தனி ஒருவன், என்னிடத்திலே குலமுமில்லை, கோத்திரமுமில்லை” என்றது. ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்த இரட்டையர்க்கும் ரேகை வேறு வேறு. தந்தையின் ரேகை மகனுக்கு அப்படியே வருவதில்லை. தந்தையின் குற்றம் மட்டும் மகனுக்கு எப்படி வரும்?

கருவி உண்மையைத்தான் சொன்னது. கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்த முறையை ஆட்சிக்குப் பயன்படும்படி ஆக்கியவர்கள் இந்தியர் இருவர்: காஜி அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். இலட்சக்கணக்கான ரேகைத் தாள்களில் வேண்டிய ஒன்றை நொடியில் எடுக்க வேண்டுமானால், வகைப்படுத்தும் கணக்கு வேண்டும். 32 வரிசை, 32 பத்தி, ஆக 1,024 அறைகள் என்று வகுத்த அந்தக் கணக்கு, ஹக் அவர்களின் உழைப்பு. ஆனால் முறைக்கு வந்த பெயர் ‘ஹென்றி முறை’. அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயர்! 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. 1901இல் இலண்டன் காவல்துறையும் இந்த முறையை மேற்கொண்டது. அறிவு இங்கே, புகழ் அங்கே!

பிறப்பையே குற்றமாக்கிய சட்டம்

ரேகைக் கலை வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, வேறொரு விதையும் விதைக்கப்பட்டிருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். அதனை ஆதரித்தவர்களின் வாதம் என்ன தெரியுமா? இந்நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளன் மகன் நெசவாளன். தொழில் சாதிவழி வருகிறது. ஆகவே திருட்டைத் தொழிலாகக் கொண்ட சாதியும் இருக்க வேண்டும். அந்தச் சாதியிலே பிறந்தவன் திருடியே தீருவான்!

எங்கே கற்றார்கள் இந்தத் தத்துவத்தை? கடல் கடந்து வந்த வெள்ளையர்க்கு இதைக் கற்பித்தது எது? நம்மிடையே நூற்றாண்டுகளாய்ப் புரையோடிப் போயிருந்த வருணப் பாடந்தான். பிறப்பே தொழிலை முடிவு செய்யும் என்றது சாத்திரம். பிறப்பே குற்றத்தை முடிவு செய்யும் என்றது சட்டம். தாய்க்கும் பிள்ளைக்கும் முகச்சாயல் இருக்கத்தானே செய்யும்!

ஒரு சமூகத்தை அரசு ‘குற்றப் பரம்பரை’ என்று அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று கேட்கும் உரிமை எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்று சட்டமே எழுதி வைத்தது. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை; தண்டனை மட்டும் உண்டு. பெயரைப் பதிய வேண்டும். இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

1911இல் இந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வரும்போது புதிய ஆயுதம் ஒன்றையும் ஏந்தி வந்தது. பதிவானவர்களின் விரல் ரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற அதிகாரமே அந்த ஆயுதம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விடுதியில் வைக்கவும் அதிலே வழி இருந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. சட்டப் புத்தகத்தைப் படிக்காதவர்கள்தாம். ஆனாலும் சட்டத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

என்னே முரண்பாடு! ஒவ்வொருவனும் தனி ஒருவன் என்று மெய்ப்பித்த கருவி, ஓர் இனத்தையே ஒட்டுமொத்தமாக மந்தையாக்கப் பயன்பட்டது. “நீ யார்?” என்று கேட்கப் பிறந்த மை, “நீ எந்தக் கூட்டம்?” என்று கேட்கப் பழக்கப்படுத்தப்பட்டது.

கடலுக்கு அப்பால்

இந்த மை ஜாதிக் கொடுமை மலிந்த நாட்டோடு நின்றுவிடவில்லை. 1900இல் எட்வர்டு ஹென்றி தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் காவல்துறையை ஒழுங்குபடுத்துவது அவருக்கு இட்ட பணி. சில ஆண்டுகளில் அதே டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் தந்து, சான்றுச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1906இல் அவசரச் சட்டம் வந்தது. 1907இல் அது முழுச் சட்டமாயிற்று. வெள்ளையர்க்கு இல்லாத கட்டளை! வணிகராயினும், வழக்கறிஞராயினும், சுரங்கத்துக்கு அருகே காய்கறி விற்பவராயினும், ஆசியர் என்றால் பத்து விரலையும் நீட்ட வேண்டும்.

1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் மக்கள் கூடிப் பணிவதில்லை என்று உறுதி பூண்டார்கள். காந்தியார் தலைமையில் எழுந்த அந்தப் போரிலே முன்னணியில் நின்றவர்களில் தமிழர் பலர். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை சென்றார். இளைஞர் சாமி நாகப்பன், பதிவுச் சான்று இல்லாத குற்றத்துக்காக 1909 ஜூனில் சிறைப்பட்டு, கடுங்குளிரில் சாலை வேலை செய்யும்படி ஆக்கப்பட்டார். விடுதலையான சில நாட்களிலேயே உயிர் துறந்தார்.

இந்தப் போரில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1908 பிப்ரவரியில், கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று நம்பி, காந்தியார் தாமே விரும்பிச் சென்று ரேகை கொடுத்தார். அதற்காகத் தம்மவர் ஒருவரிடமே அடியும் பட்டார். சட்டம் நீங்கவில்லை என்று கண்டதும், அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றுகளை ஒரு பெருங்கொப்பரையிலே இட்டு மக்கள் எரித்தார்கள். மையின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. விரும்பித் தந்தால் அது ஒத்துழைப்பு. இனத்தைக் காட்டிப் பிடுங்கினால் அது இழிவு. ஒரே விரல், ஒரே மை, ஒரே தாள். ஆயினும் ஒன்று மானம், மற்றொன்று அவமானம். இடையே நிற்பது என்ன? மனிதனின் இசைவு!

பெருங்காமநல்லூர்

தென் ஆப்பிரிக்காவில் எரிந்தது தாள். இங்கே எரிந்தது ஊரின் நெஞ்சம்.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில் பெருங்காமநல்லூர் என்ற சிற்றூர். பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது ரேகைச் சட்டம் பாய்ந்த காலம். இரவிலே சொந்த வீட்டில் மனைவி மக்களோடு உறங்கும் உரிமையும் பறிக்கப்பட்டு, காவல் கண்ணின் கீழே ஆடவர் கிடந்த காலம். அயலூர்த் திருமணத்துக்குப் போவதானாலும் ‘ராதாரிச் சீட்டு’ கேட்டு நின்ற காலம்.

1920 ஏப்ரல் 3ஆம் நாள். ரேகை பதிக்க அதிகாரிகள் படையோடு வந்தார்கள். உழுது வாழும் எங்களுக்கு இந்த இழிவு எதற்கு என்று ஊரார் மறுத்தார்கள். துப்பாக்கி பேசிற்று. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். வீழ்ந்து கிடந்தவர்க்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் மாயக்காள் கொல்லப்பட்டார் என்று ஊர் இன்றும் சொல்கிறது. அங்கே நிற்கும் நினைவுத்தூண், அந்தப் பதினாறு பேரையும் மறவாதிருக்கச் சொல்லி நிற்கிறது.

முந்தைய ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையை நாடறியும். பள்ளிப் பிள்ளையும் அறியும். பெருங்காமநல்லூரை எத்தனை பாடநூல்கள் சொல்லின? செத்தவர் பட்டணத்தார் அல்லர். பட்டம் பெற்றவர் அல்லர். ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். முத்திரை, உயிரோடிருந்தபோது உரிமையை மறைத்தது. இறந்தபின் நினைவையும் மறைத்தது.

மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், இம்மக்களுக்காக வாதாடினார். மக்கள் அவரை அன்போடு ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். பல கட்சியினரும் பல ஆண்டு போராடிய பின், 1947இல் சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் ஒழிந்தது. பிற மாநிலங்களில்? 1950 சனவரி 26இல் அரசியலமைப்பு வந்துவிட்டது. எல்லாரும் சமம் என்று எழுதியாகிவிட்டது. முதல் பொதுத்தேர்தலும் நடந்து முடிந்தது. அதற்குப் பின்னர்தான், 1952 ஆகஸ்டு 31ஆம் நாள், நாடு முழுவதற்குமாக அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதாவது, ‘குடிமகன்’ என்று சொல்லித் தேர்தல் மை விரலைத் தொட்ட நாளில், ‘பிறவிக் குற்றவாளி’ என்று சொன்ன சட்டமும் ஏட்டிலே உயிரோடு இருந்தது!

சட்டம் செத்தது, ஏடு சாகவில்லை. பழக்கக் குற்றவாளிச் சட்டங்கள் என்ற பெயரில் அதன் நிழல் தொடர்ந்தது. சிறை விதிகளில் சாதிபார்த்து வேலை பிரிக்கும் வழக்கமும், இச்சமூகத்தாரைப் பிறவியிலேயே குற்றமுடையோராகக் கருதும் வாசகங்களும் நீடித்தன. 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான் உச்சநீதிமன்றம் அவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளிற்று. 1871இல் எழுதிய ஒரு சொல்லை அழிக்க, 153 ஆண்டு!

இன்றைய மை

இன்று மை தேவையில்லை. கண்ணாடித் தகட்டிலே விரலை வைத்தால் போதும். 2010இல் தொடங்கிய ஆதார் பதிவு, ரேகையையும் கருவிழியையும் கேட்டது. அரிசிக் கடையிலிருந்து வங்கி வரை அந்த எண் நம்மோடு நடக்கிறது. இடைத்தரகன் உண்ணாமல் ஏழைக்கு அவனுடைய பங்கு சேர வேண்டும் என்பதே நோக்கம் என்றார்கள். ஹூக்ளியில் ஓய்வூதியத்துக்கு ரேகை கேட்ட நோக்கமும் இதுவே. நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், கல் உடைத்துக் கரடு தட்டிய விரலை, முதுமையில் ரேகை தேய்ந்த விரலை, இயந்திரம் “இவர் அவரல்லர்” என்று சொல்லிவிடுகிறதே, அப்போது பசிக்கு யார் பொறுப்பு? உழைத்துத் தேய்ந்தது குற்றமா?

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26இல் ஆதார்ச் சட்டத்தை ஏற்ற பெரும்பான்மைத் தீர்ப்பும், தனியார் நிறுவனங்கள் அதை வலியுறுத்திக் கேட்க இடந்தந்த வழியை அடைத்தது. இவை நற்செய்திகள். ஆனால் 2022இல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அது நீக்கிய பழைய சட்டம் எந்த ஆண்டினது தெரியுமா? 1920! பெருங்காமநல்லூர் சிவந்த அதே ஆண்டு. புதிய சட்டம் ரேகையோடு கருவிழியையும் உடற்கூற்று மாதிரிகளையும் சேர்த்துக்கொண்டது. பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கவும் வழி செய்தது. ஒரு மனிதனின் வாழ்நாளைவிட அவனைப் பற்றிய ஐயத்தின் வாழ்நாள் நீளலாம்!

“அப்படியானால் கள்வனைப் பிடிக்கக் கூடாதா? கருவியே வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். பகுத்தறிவாளர் நாம், கருவியைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்லோம். களவு நடந்தால் கள்வனைத் தேடுக. ரேகை அவனைக் காட்டும். களவு நடக்கும் முன்பே ஒரு தெருவைக் கள்வர் தெரு என்று குறித்துவைப்பதுதான் காட்டுமிராண்டித்தனம். அர்ஜென்டினாவில் ஒருவனைக் காத்த அதே கலைதான் பெருங்காமநல்லூரில் பதினாறு பேரைப் பலி கேட்டது. முன்னதில் ஒரு செயலை ஆராய்ந்தார்கள். பின்னதில் ஒரு பிறப்பை ஆராய்ந்தார்கள்.

ஆகவே, புதிய கருவி எது வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் செயலுக்காகக் கேட்கிறாயா, என் பிறப்புக்காகக் கேட்கிறாயா? நீ எழுதி வைத்தது தவறென்றால், அதை எதிர்த்து வழக்காட எனக்கு மன்றம் உண்டா? என்னைக் குறித்த ஏட்டை என்றைக்கு மூடுவாய்? 1871இன் சட்டம் இந்த மூன்று கேள்விக்கும் விடை தரவில்லை. விடை தராத எந்தச் சட்டமும், எவ்வளவு புதிய இயந்திரத்தோடு வந்தாலும், பழைய சட்டமே!

இந்தக் கேள்விகளைக் கேட்பது அரசை எதிர்ப்பதாகாது. அரசை ஆக்கியவர்கள் தம் கடமையைச் செய்வதாகும். அதிகாரியின் மேசையின் முன்னே விரலை நீட்டுகிற அதே குடிமகன்தான், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சாவடியிலும் விரலை நீட்டுகிறான். அங்கே விழும் மை சில வாரங்களில் அழிந்துவிடும். அது தந்த உரிமையை அழியாமல் காப்பது, அந்த விரலுக்கு உரியவனின் வேலை. பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்து மூடிய கையை மறவாதவர்களாய், நாம் விரலை நீட்டுவோம்.